பிறர் சொல்லைத் தொடும் கை

மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதும்போது, நமக்கு எழுதியவரின் சொற்களையே எடுத்து நம் கடிதத்துக்குள் வைக்கிறோம். அவை அவருடையவை என்று காட்ட ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் '>' என்ற குறியை இடுவது யூஸ்நெட் என்ற பழைய கணினி விவாதக் குழுக்களின் காலத்திலிருந்து வரும் வழக்கம். ஒரு வரி 78 எழுத்துகளுக்குள் அடங்குவது நல்லது என்றும், 998-ஐத் தாண்டவே கூடாது என்றும் மின்னஞ்சல் தரநிலை சொல்கிறது. ஏற்கெனவே நிரம்பிய வரியின் முன்னால் ஒரு குறி சேர்ந்தால் வரி நீள்கிறது. சில மென்பொருள்கள் அதை மடித்துக் கடைசிச் சொல்லை அடுத்த வரியில் தள்ளிவிடுகின்றன. தள்ளப்பட்ட சொல்லுக்கு முன்னால் குறி இருப்பதில்லை. குறியில்லாத வரி, மறுமொழி எழுதியவருடையது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'நீங்கள் கேட்ட தொகையை இந்த மாதத்துக்குள் கொடுக்க எங்களால் இயலாது' என்று ஒருவர் எழுதியிருந்தார் என வைத்துக்கொள்வோம். 'எங்களால்' வரை குறியோடு நிற்கிறது. 'இயலாது' மட்டும் கீழே தனியாக விழுகிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் வினையோடுதான் வருகிறது. ஆகவே தமிழ்க் கடிதத்தில் உதிர்வது வெறும் வால் அல்ல, வாக்கியத்தின் உயிர். மறுத்தவர் ஒருவர், மறுத்ததாகத் தோன்றுபவர் இன்னொருவர். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பொய் ஒன்று பிறந்துவிட்டது.

இப்படிக் கலைந்துபோன மேற்கோளைச் சீர்செய்வதைப் பலரும் மேசை துடைப்பதைப்போல் கருதுகிறார்கள். நேரம் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். எனக்கு அது அறம் சார்ந்த கேள்வியாகப் படுகிறது. பிறர் சொல் நம் கைக்கு வரும்போது அதற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? இதற்கு எளிதாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. பிறர் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது, வந்தது வந்தபடியே இருக்கட்டும் என்பது ஒன்று. கருத்து போய்ச் சேர்ந்தால் போதும், வெட்டலாம், திருத்தலாம், நம் நடையில் மாற்றியும் எழுதலாம் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை என்பதே என் முடிவு. மேற்கோளைத் துப்புரவு செய்வது கடமை. அதைச் செய்யாமல் விடுவது நேர்மையின் அடையாளம் ஆகாது. ஆனால் துப்புரவு செய்த கை எது, எங்கே தொட்டது என்பது படிப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் பிறர் சொல்லுக்கு நாம் தீங்கு செய்தவர்கள் ஆகிறோம்.

மறுமொழி என்ற கலையை மின்னஞ்சல் கண்டுபிடிக்கவில்லை. சமய வாதங்கள் அதை நூற்றாண்டுகளாகப் பயின்றிருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் பரபக்கம், சுபக்கம் என இரண்டு பகுதிகள் உள்ளன. பரபக்கத்தில் கடவுளை மறுக்கும் உலகாயதன் முதலாகப் பிற மதத்தார் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவர் மதமும் முதலில் சொல்லப்படுகிறது. அதன் பிறகே மறுதலை தொடங்குகிறது. எது எதிராளி சொல், எது ஆசிரியர் சொல் என்ற எல்லை தலைப்பிலேயே நின்றுவிடுகிறது. கிறிஸ்தவ உலகில் ஓரிஜன் சுமார் 248-இல் செல்சஸ் என்ற கிரேக்கருக்கு எட்டுப் புத்தகங்களில் மறுப்பு எழுதினார். செல்சஸ் அதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன்பு கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதியவர். அவர் நூல் அழிந்துவிட்டது. அவருடைய சொற்களை எடுத்து எடுத்து ஓரிஜன் விடை சொன்னதால், பகைவனின் வாதம் பகைவனை மறுத்த நூலுக்குள் பிழைத்துக் கிடக்கிறது. தமிழிலும் இதற்கு இணை உண்டு. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி முழுநூலாக இன்று இல்லை. 19 பாடல்களே எஞ்சியுள்ளன. அந்த நூலைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு, அதை மறுக்கவென்றே எழுந்த சமணக் காப்பியம் நீலகேசியும் அதன் உரையும் தந்தது. உலகாயதர் நிலையும் இதுதான். அவர்களுடைய மூலநூல்கள் மறைந்தன. அவர்கள் பேசுவது பெரும்பாலும் அவர்களை எதிர்த்தவர்கள் வாய் வழியாகத்தான். மேற்கோள் காட்டுபவன் சில வேளைகளில், தான் மறுக்கும் ஒருவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே நாவாக ஆகிவிடுகிறான். அந்த நாவைத் தன் விருப்பப்படி புரட்டினால் கேட்பவர் யாரும் இல்லை. அதனால்தான் அது அறத்தின் சோதனை.

இங்கே ஒரு தடை எழும். செல்சஸின் நூல் அழிந்தது, மின்னஞ்சல் அழியவில்லையே? எழுதியவருடைய அனுப்பிய கடிதங்களில் மூலம் அப்படியே இருக்கிறது, மேற்கோள் கலைந்தால் என்ன நட்டம் என்று கேட்கலாம். மூலம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் யாரிடம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கடிதம் எழுதியவரும் பெற்றவரும் மட்டுமே அதைத் திறந்து ஒப்பிட முடியும். நம் மறுமொழி மூன்றாம் ஆளுக்கு, மேலதிகாரிக்கு, புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு, ஒரு குழு முழுமைக்கும் போகும்போது அவர்கள் கையில் இருப்பது நாம் எடுத்து வைத்த பகுதி மட்டுமே. அவர்களைப் பொறுத்தவரை மூலம் அழிந்த நூலைப் போன்றதுதான். எழுதியவர் உயிரோடு இருந்து மறுக்கலாம் என்பார்கள். தன் சொல் திரிந்து போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாதபோது எதை மறுப்பார்?

இனி, தொடவே கூடாது என்பவர்களுக்கு வருகிறேன். வந்தது வந்தபடி என்ற ஒன்று எங்கே இருக்கிறது என்பதே என் கேள்வி. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை, காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மூலமும் உரையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் எது பாட்டு, எது உரை, உரைக்குள் எது மேற்கோள் என்று பிரித்தெடுக்கப் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. அதன் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமல் எடுத்து வைத்த அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடியே அவர் ஆண்டுகளைச் செலவிட்டார். ஓலையில் இருந்ததை இருந்தபடியே அச்சிட்டிருந்தால் அது விசுவாசமாகத் தோன்றியிருக்கும். படிக்க யாராலும் முடிந்திருக்காது. சீர்செய்தவர்தான் அந்த நூல்களுக்கு விசுவாசமாக இருந்தவர்.

மின்னஞ்சலும் ஓலையைப் போலவே பல கைகள் தொட்டுத்தான் நம்மிடம் வருகிறது. அந்தக் கைகள் இயந்திரத்துடையவை என்பது மட்டுமே வேறுபாடு. கடிதங்களை ஒரே கோப்பில் அடுத்தடுத்துச் சேர்த்து வைக்கும் எம்பாக்ஸ் என்ற பழைய முறையில், 'ஃபிரம்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் வரி ஒரு புதிய கடிதத்தின் தொடக்கம் என்று பொருள். கடிதத்தின் நடுவே யாராவது இயல்பாக அந்தச் சொல்லில் ஒரு வரியைத் தொடங்கினால், குழப்பம் வராதிருக்க மென்பொருள் அதன் முன் ஒரு '>' குறியைச் செருகிவிடும். யாரும் மேற்கோள் காட்டாத இடத்தில் மேற்கோள் குறி முளைத்தது. அந்த வரி டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்குள் போனபோது, அதன் இயல்பான எழுத்துருவில் அந்தக் குறி தலைகீழ்க் கேள்விக்குறியாக மாறி, ஆய்வுக் கட்டுரைகளிலும் இடம்பிடித்தது. தமிழுக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமை. யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் 'க' என்ற ஓர் எழுத்து மூன்று பைட். அஞ்சலுக்காக அதை மறைகுறியாக்கும் ஒரு முறையில் அதுவே ஒன்பது எழுத்துகளாக விரியும். அவிழ்க்கத் தெரியாத மென்பொருள் அதை அப்படியே மேற்கோளாக எடுத்துப் போட்டால், அன்பாக எழுதிய நான்கு வரி, பக்கம் நிறைய எண்களும் சமக்குறிகளுமாகிவிடுகிறது. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் எழுதிய கடிதத்துக்கு யூனிகோடில் பதில் எழுதிய காலத்தில் இரண்டில் ஒன்று சிதைந்தே தீரும். இந்தக் குப்பையைத் தொடாமல் விடுவது எழுதியவருக்குச் செய்யும் மரியாதை என்று எப்படிச் சொல்வது? அவர் எழுதியது அது அன்று. அவர் எழுதியதை மீட்டுத் தருவதுதான் மரியாதை.

அப்படியானால் எவ்வளவு தொடலாம்? இரண்டாம் கட்சியாரின் பிழை இங்கே தொடங்குகிறது. கம்பனை இலக்கிய ரசிகர் டி.கே.சி. அளவுக்கு நேசித்தவர்கள் குறைவு. 'கம்பர் தரும் ராமாயணம்' பதிப்பில் அவர், கம்பனின் தரத்துக்கு ஒவ்வாதவை என்று தமக்குப் பட்ட பாடல்களை இடைச்செருகல் என ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். கம்பராமாயணத்தில் பிறர் பாட்டுகள் கலந்திருப்பது உண்மை. வெள்ளிப் பாடல்கள் என்று அவற்றுக்குப் பெயரே உண்டு. ஆகவே அவர் எடுத்த வேலை தேவையானது. ஆனால் அவர் தராசு அவருடைய ரசனை. அந்தப் பதிப்பில் கம்பன் எங்கே முடிகிறான், கம்பனின் ரசிகர் எங்கே தொடங்குகிறார் என்று சொல்வது கடினம். சாமிநாதையரும் பாடங்களைத் தேர்ந்தார், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளினார். ஆனால் தள்ளிய பாடத்தைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் வைத்தார். அவர் முடிவை ஏற்காதவர் கீழே பார்த்துத் தாமே வேறு முடிவுக்கு வரலாம். இருவரும் தமிழுக்குத் தொண்டு செய்தவர்கள்தாம். அன்பில் இருவருக்கும் குறைவில்லை. ஒருவர் கை பக்கத்திலேயே தெரிகிறது. மற்றவர் கை மறைந்துவிட்டது. பிறர் சொல்லைத் தொடுபவன் அன்பாலும் கெடுக்கலாம் என்பதால், அவன் கை தெரிந்தே ஆக வேண்டும்.

இந்த நெறியை ஒரு கடிதத்துக்குப் பொருத்திப் பார்த்தால் எது கடமை, எது மீறல் என்பது தெளிவாகிவிடும். உடைந்த வரிகளைச் சேர்த்து, உதிர்ந்த சொல்லுக்கு அதன் குறியைத் திருப்பித் தருவது கடமை; அது எல்லையை மீட்கிறது, பொருளைத் தொடவில்லை. மூன்று நான்கு பேர் மாறிமாறி எழுதிய தொடரில் குறிகளின் எண்ணிக்கைதான் யார் சொல் என்பதைச் சொல்கிறது. அதைச் சரிபார்ப்பது கடமை. இன்னார், இன்ன நாளில் எழுதியது என்ற ஒற்றை வரியை மேற்கோளுக்கு மேலே விட்டுவைப்பது கடமை. பழைய உரையாசிரியரைப் போல் 'என்றார் பிறரும்' என்பதோடு நின்றுவிட்டால் பின்னால் வருபவர் சாமிநாதையரைப் போல் தேட வேண்டியிருக்கும். தேவையற்ற பகுதியை நீக்குவதும் கடமையே. 1995 அக்டோபரில் வெளியான இணைய நன்னடத்தைக் குறிப்பு, மூலத்தைச் சுருக்கிச் சொல்லுங்கள் அல்லது சூழல் புரியும் அளவுக்கு மட்டும் எடுத்து வையுங்கள் என்று அப்போதே சொன்னது. முப்பது கடிதங்களின் வாலை இழுத்துக்கொண்டு வரும் ஒற்றை வரிப் பதிலில், எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்பதே புதைந்துபோகிறது. ஆனால் நீக்கிய இடத்தில் புள்ளிகளோ அடைப்புக்குறியோ வைக்க வேண்டும். வாக்கியத்தின் நடுவே வெட்டக் கூடாது. 'ஆனால்' என்பதற்கு முன்னால் நிறுத்திக்கொள்வது பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது. எழுத்துப்பிழையை ஓசையின்றித் திருத்துவதும், நம் பிழை ஒன்றை அவர் வரியில் நுழைய விடுவதும் மீறல்கள். அவர் வரிகளுக்கு இடையிலேயே எழுதி, 'என் பதில்கள் சிவப்பில்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதும் போதாது. வண்ணங்களைக் கைவிடும் எளிய உரைவடிவில் அந்தக் கடிதம் திறக்கப்பட்டால் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகிவிடும். திரைவாசிப்பான் கொண்டு கேட்கும் பார்வையற்றவருக்கு அந்த எல்லை இருந்ததாகவே தெரியாமல் போகலாம்.

சான்று கெடும் என்று சிலர் அஞ்சுவார்கள். வழக்கு என்று வந்தால், தணிக்கை என்று வந்தால், முழுத் தொடரும் ஓர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. அச்சம் நியாயமானது. ஆனால் அது ஆவணத்தைப் பற்றியது, மறுமொழியைப் பற்றியது அன்று. மூலக் கடிதத்தைக் காப்பது ஒரு கடமை. அது அஞ்சற்பெட்டியில் நிறைவேறுகிறது, தேவையானால் மூலத்தை இணைப்பாகவும் அனுப்பலாம். அதற்கு விடை சொல்வது வேறொரு கடமை. நீதிமன்றத்தில்கூட ஆவணம் தனியே தாக்கலாகிறது; வாதாடுபவர் அதிலிருந்து வேண்டிய பத்தியை எடுத்துப் பேசுகிறார். மறுமொழியையே ஆவணக் காப்பகமாக்கினால், மடிந்தும் உதிர்ந்தும் குறி மாறியும் போன மேற்கோள்தான் சான்றாக நிற்கும். அதைவிட மோசமான சான்று வேறில்லை.

இன்னொரு தடை ஆழமானது. அது வள்ளுவரிடமிருந்தே வரக் கூடும். யார் வாயிலிருந்து வந்தாலும் பொருளின் உண்மையைப் பார்ப்பதே அறிவு என்றார் அவர். சொன்னவர் முக்கியமில்லை, சொன்னதே முக்கியம் என்றால் யார் சொல் என்ற எல்லைக்கு ஏன் இவ்வளவு கவலை? குறளின் கட்டளை, கேட்ட பொருளைச் சோதித்துப் பார் என்பது. சோதிக்க வேண்டுமானால் அந்தப் பொருள் முதலில் சிதையாமல் கைக்கு வர வேண்டும். சொன்னவரின் பெருமைக்காக ஏற்காதே, சிறுமைக்காகத் தள்ளாதே என்பதற்கும், யார் சொன்னது என்பதையே அழித்துவிடு என்பதற்கும் வெகுதூரம். யூத மரபின் அவோத் என்ற நூல், ஒரு சொல்லைச் சொன்னவர் பெயரோடு எடுத்துச் சொல்பவர் உலகுக்கு மீட்பைக் கொண்டுவருகிறார் என்கிறது. அதற்கு அது காட்டும் சான்று எஸ்தர் அரசி. மன்னனைக் கொல்ல நடந்த சதியை அறிந்து சொன்னவர் மொர்தெகாய். செய்தியை மன்னனிடம் சேர்த்த எஸ்தர் அதை மொர்தெகாயின் பெயராலேயே சொன்னார். பின்னாளில் மன்னன் நினைவேட்டை வாசிக்கக் கேட்டபோது அந்தப் பெயர் அதில் இருந்தது. ஓர் இனத்தின் விதியே அங்கிருந்து திரும்பியது. தமிழ் இலக்கணம் இதை மொழிக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிறர் பேச்சை நேராக எடுத்துச் சொல்லும்போது பெரும்பாலும் 'என்று' என்ற சொல்லை அதன் முடிவில் வைக்கிறோம். இங்கே அவர் பேச்சு முடிகிறது, இனி என் பேச்சு என்று நாக்கே எல்லைக்கல் நடுகிறது.

இதை மென்பொருள் பார்த்துக்கொள்ளாதா என்றும் கேட்பார்கள். ஓரளவு பார்த்துக்கொள்ளும். வரி முடிவில் ஓர் இடைவெளி இருந்தால் வாக்கியம் தொடர்கிறது என்று பொருள் என்ற உடன்பாட்டை 1999-இல் வகுத்து, 2004-இல் ஆர்.எஃப்.சி. 3676 என்ற ஆவணத்தில் திருத்தி வெளியிட்டார்கள். அதைப் பின்பற்றும் மென்பொருள்கள் மேற்கோளை உடைக்காமல் மடிக்கின்றன. ஆனால் எந்த வாக்கியத்துக்கு நாம் விடை சொல்கிறோம், எதை விட்டால் எழுதியவரின் நோக்கம் திரியும் என்பவை இயந்திரத்தின் முன் வைக்கக்கூடிய கேள்விகள் அல்ல. அது வரியை அளக்கும். நியாயத்தை நாம்தான் அளக்க வேண்டும். இவ்வளவு சிறிய காரியத்துக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்பவர்களுக்கும் அதே விடைதான். எதிராளியின் வாதத்தை முழுதாகச் சொல்லிவிட்டு மறுத்த ஆசிரியர்களுக்கு அந்தப் பழக்கம் பெரிய நூல் எழுத உட்கார்ந்த நாளில் திடீரென்று வந்திருக்காது. பிறர் சொல்லைச் சிதைக்காமல் எடுத்து வைக்கும் கை அன்றாடம் பழகிய கையாகத்தான் இருக்க முடியும். நமக்கு அந்தப் பழக்கம் வாய்க்கும் இடம் இன்று பெரும்பாலும் அஞ்சற்பெட்டிதான்.

ஆகவே அடுத்த மறுமொழியை அனுப்பும் முன் ஒரு நிமிடம் கீழே உருட்டிப் பாருங்கள். அவர் சொல் ஏதாவது உங்கள் சொல்லாக நிற்கிறதா, உங்கள் சொல் ஏதாவது அவர் தலையில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்ததைச் சேருங்கள், வேண்டாததை எடுங்கள், எடுத்த இடத்தில் அடையாளம் வையுங்கள். அவர் அந்தக் கடிதத்தைத் திறக்கும்போது, 'ஆம், நான் சொன்னது இதுதான்' என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். அதன் பிறகு நீங்கள் அவரை எவ்வளவு கடுமையாக மறுத்தாலும் அது நேர்மையான மறுப்பு.